மூடாமல் விட்ட டிஸ்க்

மார்ச் 3

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். கேட்டால் பதில் சொல்லவேண்டிய சங்கடம் உனக்கு வரும். விட்டுவிட்டேன்.

போன் செய்யாததற்குக் காரணம் உனக்கே தெரியும். போன தடவை பேசியபோது நம் இரண்டு பேராலும் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. நீ ரிசீவரை வைத்துவிட்டாய். கடிதத்தை நடுவில் வைத்தாலும் மிச்சம் அங்கேயே இருக்கும், ஆத்திரம் அடங்கியதும் படித்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். என்னிடம் இருக்கும் ஒரு டிஸ்க் ஓடவில்லை.

உன் அண்ணன் கடைசி மாதத்தில் தன் ஆபீஸ் நண்பரிடம் காமிரா இரவல் வாங்கினாரே, நினைவிருக்கிறதா? ஒரு மத்தியானம் அதை டிவிக்குக் கீழே இருக்கும் ரெக்கார்டரில் மாட்டி எதையோ பதிந்தார். நீ வேலைக்குப் போயிருந்தாய். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். என்னைக் குட்டியோடு மொட்டைமாடிக்குப் போகச் சொன்னார். இறங்கி வந்தபோது டிஸ்க்கை என் கையில் கொடுத்து, "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அதைத் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தேன். நீ பார்த்தாயோ இல்லையோ, இப்போது சொல்லிவிட்டேன்.

இங்கே வந்து ஒரு சின்ன டிவிடி பிளேயர் வாங்கினேன். டிஸ்க்கை உள்ளே தள்ளினால் கரகரவென்று கொஞ்ச நேரம் சுற்றுகிறது. பிறகு டிஸ்க் இல்லை என்று எழுத்து வருகிறது. உள்ளே இருக்கிறதே என்று அதனிடம் வாதாடவா முடியும்?

நான் இதை விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் குட்டி பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பொம்மை அப்பா. அந்த அப்பா பேசியது எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் குரலில். அதே இருமல், அதே "யாரும்மா அது". நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அவர் முகம் தெரியும், போட்டோ இருக்கிறது. குரல் போய்விட்டது. வேறு எதிலும் அவர் குரல் இல்லை. நான் எல்லாவற்றையும் தேடிவிட்டேன்.

இந்த மாதிரிக் கோளாறுகளுக்குப் பதில் சொல்வதுதான் உன் வேலை. அதனால் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்பதும் உண்மை.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

நாத்தனாருக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருஷம் அண்ணனோடு சேர்ந்து வாலு, வாலு என்று கூப்பிட்ட வாய். சரி, இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை ஒரு புகாராக எடுத்துக்கொள்கிறேன். காலை முதல் சாயங்காலம் வரை காதில் போனை மாட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் நடந்து போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் உள்ள வரிசையில்தான் கேட்க வேண்டும், வரி தாண்டினால் மேலாளர் திட்டுவார்.

முதலில் பிளேயரில் வேறு டிஸ்க் ஓடுகிறதா? ஓடினால் மெஷின்மேல் பழி போட வேண்டாம். டிஸ்க்கின் பளபளப்பான பக்கம் கீழே இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதிப் புகார் இதிலேயே முடிந்துவிடும். அந்தப் பக்கத்தில் விரல் ரேகை, தூசி இருந்தால் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக்கூடாது. தடம் வட்டமாக ஓடுகிறது, வட்டமாகக் கீறினால் அதன் வழியிலேயே கீறியதாகும். கடைசியாக, வேறு ஒரு மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தாளில் இருப்பது இவ்வளவுதான். இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். அதில் அண்ணன் என்ன பேசியிருந்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு பேசியது. இன்னும் கொஞ்ச நாள் அங்கே வைத்திருந்தால், இன்னொரு டாக்டரைப் பார்த்திருந்தால், குட்டிக்கு டிஸ்க்கே தேவைப்பட்டிருக்காது. டாக்டர் முன்னால் நீங்கள் "போதும்" என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறீர்கள்.

அம்மாவுக்கு மிச்சமிருந்த காதும் போய்விட்டது. எப்போதும் போலச் சத்தத்தை அடைத்துவிட்டு டிவி பார்க்கிறாள். செய்தி வாசிப்பவளின் வாயைப் பார்த்தே உலக நடப்பை எனக்குச் சொல்கிறாள். பாதி சரியாக இருக்கிறது, பாதி அவளே சேர்த்துக்கொள்வது. போன வாரம் ஒரு மந்திரிக்குக் கல்யாணமே செய்துவைத்துவிட்டாள்.

வாலு


மார்ச் 19

வாலு,

நீ சொன்னதெல்லாம் செய்தேன்.

அவர் டிவியிலிருந்து பதிந்த சிங்கம் படம், காட்டுச் சிங்கங்களைப் பற்றியது, என்னிடம் இருக்கிறது. அது இந்தப் பிளேயரில் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. குட்டி அதைப் பயந்து கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கிறாள். எனவே மெஷின்மேல் பழி இல்லை.

துடைக்கும் விஷயத்தில் உன் கடிதம் தாமதமாக வந்தது. நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். நாள் முழுக்கப் பிறர் மூக்கிலிருந்து கழற்றிய கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து, கை தானாகவே வட்டம் போடுகிறது. டிஸ்க்கையும் அப்படித்தான் துடைத்தேன், நன்றாக அழுத்தி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வளையம் வளையமாக இருக்கிறது. என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று அதற்குமேல் துணியால் தொடவில்லை.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லீங்க, காலி டிஸ்க்" என்றார். கீறல் ஒரு பொருட்டே இல்லையாம். வேண்டுமானால் புதிதாக ஒரு படம் பதிந்து தருகிறேன் என்று அவர் கையை நீட்டியபோது பிடுங்கிக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஆனால் அது காலி இல்லை. அடிப்பக்கத்தைப் பார்த்தால் நடு ஓட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நிறம் கருத்திருக்கிறது. அதற்கு வெளியே வெளிறிய நிறம். புது டிஸ்க் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதில் இந்தக் கருப்பு வளையம் இல்லை. ஒரு விரல் அகலம் அவர் பேசியிருக்கிறார், வாலு. கண்ணுக்குத் தெரிகிறது, கேட்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருந்தாய். வெந்த புண்ணிலேயே திரும்பத் திரும்பக் கை வைக்கிறாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் இரவெல்லாம் என்னிடம் என்ன கேட்டார் என்பது எனக்கும் அவருக்கும் நடந்தது. அதற்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாததைச் சொல்லி உன்னிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

அத்தையைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் அவரும் அத்தையும் கூடத்துக்கு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து ஒரு மாதம் சாப்பாடே இறங்கவில்லை. பிறகு தெரிந்தது, துவைத்த சட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி


மார்ச் 26

அண்ணி,

சாட்சி இல்லையென்றால் பேச்சும் வேண்டாம். நானும் அவன் தங்கைதான். பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன். என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. மாமா, சித்தி எல்லோர் முன்னாலும் வாசலில் வைத்து நான் சொன்னதை நாக்கில் நரம்பில்லாமல் சொன்னேன் என்று சித்தியிடம் சொன்னீர்களாம். நரம்பு இருந்துதான் சொன்னேன்.

டிஸ்க்குக்கு வருவோம். ஆபீஸில் எனக்கு மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். தாளுக்கு வெளியேயும் விஷயம் தெரிந்த மனுஷர். வீட்டில் பதிந்த டிஸ்க்கில் இரண்டு ஜாதி உண்டாம், சில பிளேயர்கள் ஒன்றைத் தொடும், இன்னொன்றைத் தொடாது என்றார். ஆனால் சிங்கமும் இதுவும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்தவை, நானே வாங்கி வந்தது. ஒன்று ஓடினால் மற்றதும் ஓட வேண்டும். மேலே காகிதம் ஒட்டியிருந்தால் எடை சாய்ந்து தடுமாறுமாம். ஒட்டியிருக்கிறதா?

ஒட்டாமல், பேனாவில் எழுதியிருக்கிறானா? எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்கிறான்? அண்ணன் எதற்கும் பெயர் எழுதாமல் விட மாட்டான், சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று எழுதுகிறவன். இதை மட்டும் நீங்கள் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள்.

யாரிடமும் கொடுக்காதீர்கள். மெருகு போடுகிறேன் என்று மெஷினில் தேய்ப்பார்கள்.

வாலு


ஏப்ரல் 4

வாலு,

தாண்டித்தான் போனேன். அவர் எனக்காக எழுதியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை உன்னோடு பங்கு போட மனசில்லை.

காகிதம் ஒட்டவில்லை. கருப்பு மார்க்கரில், ஓரமாகச் சின்ன எழுத்தில், "இன்னும் இடம் இருக்கு" என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். தேதி இல்லை.

இந்த நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் அதைப் படிக்கிறேன். என்னவெல்லாமோ அர்த்தம் பண்ணிக்கொண்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

உங்களை வருத்தப்படுத்த இதை எழுதவில்லை. அது உங்களுக்காக எழுதியதில்லை. எல்லா டிஸ்க்கிலும் அப்படித்தான் எழுதுவான்.

சிங்கம் டிஸ்க்கின் மேல் பாருங்கள். "முழுசு" என்று இருக்கும். எங்கள் வீட்டில் பாதி நோட்டைத் தூக்கிப்போட்டால் அடி விழும். அப்பா இருந்த காலத்துப் பழக்கம். மிச்சமிருந்த தாளையெல்லாம் தைத்துப் புது நோட்டாக்கித்தான் நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். டிஸ்க்கிலும் அதே புத்தி. முழுக்க நிறையாத டிஸ்க்கை மூடவே மாட்டான். "இன்னும் இடம் இருக்கு" என்று எழுதி எடுத்துவைப்பான், மிச்சத்தில் இன்னொரு நாள் ஏதாவது ஏற்றுவான். நிறைந்ததும் மூடிவிட்டு, பழைய எழுத்தைத் துடைத்து "முழுசு" என்று எழுதுவான்.

மூடுவது என்றால் என்ன என்று மூத்தவரிடம் கேட்டுக்கொண்டேன். பதிந்து முடிந்ததும், இதில் இன்னின்னது இங்கிங்கே இருக்கிறது என்று ரெக்கார்டர் கடைசியாக டிஸ்க்கிலேயே ஒரு வழி எழுதி முத்திரை வைக்குமாம். அது இருந்தால்தான் மற்ற பிளேயர்களுக்கு வழி தெரியும். இல்லாவிட்டால் அவற்றுக்கு அது வெறும் தட்டு. கடைக்காரர் காலி என்று சொன்னது அதனால்தான். உங்கள் கைமேலும் தப்பில்லை, கண்ணாடி துடைத்த கையை நொந்துகொள்ள வேண்டாம்.

மூடாத டிஸ்க்கைப் பதிந்த மெஷின் மட்டும்தான் படிக்கும். மூடவேண்டியதும் அதே மெஷின்தான். அது இங்கே கூடத்தில், டிவிக்குக் கீழே இருக்கிறது.

டிஸ்க்கை அனுப்புங்கள்.

வாலு


ஏப்ரல் 18

வாலு,

அனுப்ப மாட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிங்கத்தின்மேல் "முழுசு" என்றுதான் இருக்கிறது. சரி, எனக்கென்று அவர் எழுதிய கடைசி வரி என்று நான் கட்டிவைத்திருந்ததும் போயிற்று. பரவாயில்லை.

ஆனால் இந்த ஒரு விரல் அகலக் கருப்பு என்னிடம்தான் இருக்கிறது. இதை ஒரு பெட்டியில் போட்டு, என்னைக் கொலைகாரி என்று சொன்ன வீட்டுக்கு அனுப்பி, அது திரும்பி வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. திரும்பி வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பேன்? அவர் உன் அண்ணன், அத்தையின் பிள்ளை, வைத்துக்கொள்ள உங்களுக்கும் உரிமை உண்டு என்று ஊரே சொல்லும்.

நீ ரெக்கார்டரை அனுப்பு. அனுப்புகிற செலவு என்னுடையது. மூடியதும் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். 

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணி,

அனுப்ப முடியாது. வீம்பு இல்லை, காரணம் இருக்கிறது.

அந்த ரெக்கார்டரின் தட்டு இப்போதே பாதி வெளியே வந்து நின்றுவிடுகிறது, விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது. லாரியில் குலுங்கிப் போனால் உள்ளே டிஸ்க்கைப் படிக்கும் கண் நகர்ந்துவிடும், பிறகு எந்த ஊரில் போட்டாலும் படிக்காது என்று மூத்தவர் சொல்லிவிட்டார். டிஸ்க்குக்குக் குலுக்கல் ஒன்றும் செய்யாது.

இன்னொன்று அம்மா. ரெக்கார்டரின் முன்பக்கத்தில் சின்ன நீல விளக்கு எரியும் இல்லையா? அதை அணைக்க விடுவதில்லை. ஒரு நாள் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெருக்கினேன். "அவன் ஏதோ பதிஞ்சுக்கிட்டு இருக்கான், ஏண்டி நிறுத்தின?" என்றாள். அவளுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னாள். அந்த மெஷினைப் பெட்டியில் கட்டி அவள் கண் முன்னால் தூக்கிக்கொண்டு போக என்னால் ஆகாது.

நீங்களே டிஸ்க்கோடு வாருங்கள் என்று எழுதி அடித்துவிட்டேன், தாளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டதாக எழுதினால் டிஸ்க்குக்காகப் பொய் சொன்னதாகும். ஆனால் டிஸ்க்கைத் திருப்பி அனுப்புவேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று நீங்கள் நம்பினால் அனுப்புங்கள். 

வாலு


மே 6

வாலு,

குட்டியின் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். சட்டையையும் சேர்த்து அனுப்பு, மழை வந்தால் வேண்டும்.

நேற்று வாட்ச்மேன் விடுப்பில் போய்விட்டார். பொம்மை அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் பெட்டியை ஒட்டினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பார்க்காமல் மூடு. அவர் குரலை முதலில் குட்டிதான் கேட்க வேண்டும்.

அண்ணி


மே 24

அண்ணி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். டிஸ்க்கும் சட்டையும் இதனோடு வருகின்றன. முதலில் டிஸ்க்கைப் போடாதீர்கள். இதைப் படித்து முடியுங்கள். குட்டி பக்கத்தில் இருந்தால் வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள்.

டிஸ்க்கை உள்ளே தள்ளினேன். முதல் தடவை ரெக்கார்டர் வெளியே தள்ளிவிட்டது. இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டது. திரையில் ஒரு கட்டம் வந்தது, பதிந்த தேதி, பாக்கி இடம் எல்லாம் சரியாக. மூடுகிற இடம் எங்கே என்று நான் பழைய கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ரிமோட் அம்மா கையில் இருந்தது. அவள் அழுத்திவிட்டாள். பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. உங்கள் வேண்டுகோளை அம்மா மீறினாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் இருக்கிறான். காமிராவை முக்காலியில் தாழ வைத்திருக்கிறான், நெற்றி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. தோளில் அந்த நீலத் துண்டு. நிறையப் பேசுகிறான். ஆனால் சத்தம் இல்லை.

அம்மா சத்தத்தை அடைத்துவைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முழுக்க ஏற்றினேன். இரைச்சல்கூட வரவில்லை. வேறு டிஸ்க்கைப் போட்டேன், அது அலறியது. என் தாளில் உள்ள வரிசை முழுவதையும் நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். கடைசியில் அண்ணன் டிஸ்க்கை மறுபடி ஓடவிட்டு, ரெக்கார்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். காமிராவிலிருந்து மூன்று வயர் வர வேண்டும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. நம் வீட்டு வெள்ளையும் சிவப்பும் குட்டியின் பாட்டுப் பெட்டியில் செருகியபடியே இருக்கின்றன. நீங்கள் போன பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. அவன் மஞ்சளை மட்டும்தான் மாட்டியிருக்கிறான். பதியாத சத்தத்தை எந்த மெஷினாலும் எடுக்க முடியாது. மூத்தவரிடமும் கேட்டுவிட்டேன்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அம்மா, "சத்தம் வருதான்னு கேக்கறான்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணனின் வாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். முப்பது வருஷமாக அவன் பேச்சை அவள் அப்படித்தானே கேட்டிருக்கிறாள். அந்த டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லாதது அவள் ஒருத்திக்குத்தான்.

முக்கால்வாசி குட்டிக்குச் சொன்னது. "சிங்கம் பாக்கும்போது கண்ண மூடாத, அது டிவிய விட்டு வராது." "ஸ்கூல்ல யாராவது அப்பா எங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லாத. செத்துட்டாருன்னு சொல்லு. அதச் சொல்ல வாய் கூசக்கூடாது." இப்படியே போகிறது. தட்டில் சோறு மிச்சம் வைக்காதே என்றும் ஓரிடத்தில் வருகிறது. அது அம்மா சேர்த்தது என்று நினைக்கிறேன். டிஸ்க்கில் இடம் வீணாகக்கூடாது என்றவன், தட்டைக் காலி செய்து எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு ஓரிடத்தில் அவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறான். மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்க்கிறான். மறுபடி பேசுகிறான், கொஞ்சம் நீளமாகவே. அம்மா வாயை மூடிக்கொண்டாள். என்ன சொல்கிறான் என்று அவள் கையில் எழுதிக் கேட்டேன். "அது அவளுக்கு. உனக்கில்ல" என்றாள். என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறானா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியைப் பற்றியா என்று கேட்டேன். தலையைக்கூட ஆட்டவில்லை.

இனி நான் உங்களைக் கேட்காமல் செய்தது. அண்ணனுக்குக் காமிரா இரவல் தந்த அதே ஆபீஸ் நண்பரைக் கூப்பிட்டேன். இந்த முறை காமிராவை டேப்போடு கொண்டுவந்தார். திரையில் அண்ணன் பேச, பக்கத்தில் உட்கார்ந்து அம்மா வாய்விட்டுச் சொல்ல, இரண்டு பேரையும் சேர்த்து எடுத்தார். பிறகு மூன்று வயரையும் மாட்டி, நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை சரிபார்த்து, டிஸ்க்கில் பாக்கியிருந்த இடத்தில் ஏற்றினோம். உங்களுக்கான பகுதி வரும்போது அம்மா பேசாமல் இருப்பதும் அதில் இருக்கிறது. வெட்டவில்லை.

பிறகு மூடினேன். மூடலாமா, இனி எதுவும் சேர்க்க முடியாது என்று திரை கேட்டது. வெகுநேரம் கேட்டபடியே இருந்தது. மேலே "முழுசு" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் எழுத்து அப்படியே இருக்கிறது.

அந்தப் பகுதியை உங்களிடம் நேரில்தான் சொல்வாளாம் அம்மா. ஒரு சிக்கல் இருக்கிறது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது, தெரியுமே. ரகசியம் சொன்னால் தெருமுனை வரை கேட்கும். நான் வீட்டில் இருந்தால் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும் எனக்கும் கேட்டுவிடும். அதனால் வருகிற நாளை எழுதுங்கள். நான் இருக்கட்டுமா, வெளியே போய்விடட்டுமா என்பதையும் எழுதுங்கள்.

வாலு


ஜூன் 2

வாலு,

டிஸ்க் ஓடுகிறது. உள்ளே தள்ளியதும் அது தயங்கவே இல்லை.

குட்டிக்குப் போட்டுக் காட்டும்முன் நான் தனியாகப் பார்த்தேன். எனக்கான பகுதியைப் பலமுறை பார்த்தேன். கண்ணாடிக் கடையில் ஒரு வரி எழுத்தைக் காட்டி, தெரிகிறதா, தெரிகிறதா என்று பிறரைக் கேட்பவள் நான். அவர் உதடு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, ஒரு சொல்கூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஏழு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. சத்தமாகப் பேசுகிற மனுஷர்தானே என்று இருந்துவிட்டேன். பிறகு அத்தை வாயை மூடிக்கொண்டிருக்கும் இடத்தையும் பார்த்தேன். அத்தை முகத்திலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. அழுகிறாரா, கோபமா, எதுவும் இல்லை.

குட்டி அத்தையின் குரல் சேர்ந்த இரண்டாவது பகுதியை மட்டும்தான் கேட்கிறாள். அத்தை திரைக்கு ஓரமாக இருப்பதால் அவளுக்கு அப்பா மட்டும்தான் கண்ணில் படுகிறார். நேற்றுப் பொம்மைகளை எடுத்து வைத்தாள். அப்பா பொம்மை மறுபடி பேசத் தொடங்கியது. கட்டையாக, பெரிதாக, அத்தையின் குரலில். "அது டிவிய விட்டு வராது" என்றது. "அப்பா இப்படித்தானேம்மா பேசுவாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் திருத்தவில்லை. இனிமேல் அவளுக்கு அவர் குரல் அதுதான். அவருடைய குரல் இப்போது இந்த வீட்டில் என் ஒருத்தியின் காதில் மட்டும் இருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கோ.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். காலை வண்டி.

அத்தை சொல்லப்போவது அவர் சொன்னதா, பாதி அத்தையே சேர்த்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. உனக்கும் தெரியாது. நான் செய்தது சரி என்று வரலாம். என்னைத் திட்டியே வரலாம். துவைத்த சட்டையைப் பற்றியாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அதற்குப் பிறகு நமக்கு எடுத்துப் போட்டுப் பார்க்க வேறு டிஸ்க் இல்லை. சாட்சி இல்லை என்று நான் எழுதினேனே, இனி இருப்பது இது ஒன்றுதான்.

நீ வெளியே போக வேண்டாம். பக்கத்து அறையிலும் இருக்க வேண்டாம். கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

அண்ணி